போர் தொடாத துப்பாக்கிக்குப் பொன்விலை

ஜெர்மானியச் சேனை 1908-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு, இரண்டு உலக மகாயுத்தங்களிலும் கையாண்ட லூகர் கைத்துப்பாக்கி, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புராதன ஆயுதங்களைச் சேகரிப்போர் பெருவிருப்போடு தேடும் வஸ்துவாகியிருக்கிறது. பாட்டனார் போர்முனையிலிருந்து கொண்டுவந்த அத்தகைய ஆயுதம் ஒன்று பேரனின் கைக்கு வந்துசேர்ந்தால், அவன் முதலில் கேட்பது அதற்கு என்ன விலை பெறும் என்பதைத்தான். மதிப்பிடுவோர் அதற்குக் கூறும் விடையில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்; மறுபாதியை ஒப்ப மனம் வரவில்லை.

அவர்கள் முதலில் ஆராய்வது எண்களை. சுடுந்தோறும் முழங்கால்போல் மடங்கி எழும் இதன் பூட்டமைப்பு நுண்ணிய பொருத்தம் வேண்டுவதாகையால், உறுப்புகளைத் தொழிலாளர் ஒன்றோடொன்று கையால் இழைத்து இசைத்தார்கள். இசைத்தவை பிரிந்துபோகாதிருக்கும் பொருட்டு, குழலிலும் உடலிலும் முழுத் தொடர் எண்ணையும், சிறு உறுப்புகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களையும் பொறித்தார்கள். எல்லா எண்களும் ஒத்திருந்து, தோட்டா மேகசினின் அடியிலும் அதே எண் காணப்படுமாயின் மதிப்பு மேலேறும். ஒன்று பிசகினாலும் பெரிதும் சரியும். ராணுவத்துக்கெனச் செய்தவற்றில் ஆண்டுதோறும் 1 முதல் புதிதாக எண்ணத் தொடங்கி, 10,000 நிறைந்ததும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடியும் 1-இலிருந்து எண்ணிச் சென்றார்களாதலால், எண்ணை மாத்திரம் கூறி விலை கேட்பதில் பிரயோஜனமில்லை. குழலின் பின்புறத்து அறைமேல் உள்ள ஆண்டும், தொழிற்சாலை முத்திரையும் தெரியவேண்டும்.

அடுத்தது மேற்பரப்பு. 1930-களின் பிற்பாதி வரையில், துருவேற்றித் துடைத்து உண்டாக்கிய கருநீல நிறமும், விசை முதலிய சிற்றுறுப்புகளில் சூட்டினால் விளைந்த வைக்கோல் நிறமும் இதற்கு இயல்பு. வாரிசுகளில் ஒருவர் அன்பு மிகுதியால் பளபளவென்று தேய்த்து, புதிதாக நீலமேற்றி வைத்துவிட்டால், அந்த ஒரு நாள் உழைப்பில் பெருந்தொகை கரைந்துபோகும். இரண்டாம் யுத்தத்தில் ரஷ்யர் கைப்பற்றிய லூகர்கள் பல, அவர்களுடைய பட்டறைகளில் கழற்றிக் கலந்து மறுசாயம் ஏற்றப்பட்டமையால்தான் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. இதுவரையில் நியாயமே. கதையை நம்பாமல் பொருளைப் பார் என்னும் மதிப்பிடுவோர் கொள்கையும் எனக்கு உடன்பாடே. ஜெனரல் ஒருவரிடமிருந்து பறித்தது என்று குடும்பம் சத்தியம் செய்தாலும், அமெரிக்கச் சிப்பாய்க்கு அவனுடைய மேலதிகாரி கையெழுத்திட்டு அளித்த அனுமதிச் சீட்டு போன்ற பத்திரம் இல்லாவிடில் அதற்கு ஒரு காசும் கூட்டவேண்டியதில்லை.

எனினும், போர்முனையில் உடைந்த உறுப்பை நீக்கி வேறொன்றை மாட்டிய சேனைக் கம்மியனின் வேலையையும், பின்னாளில் வீட்டுப் பேரன் தேய்த்த தேய்ப்பையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் எனக்குப் புரியவில்லை. முதல் யுத்தத்துக்குப் பின், வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் சுருங்கிய ஜெர்மானிய ராணுவம், தன்னிடம் எஞ்சிய துப்பாக்கிகள் பலவற்றில் பழைய ஆண்டின்மேல் 1920 என்று மீண்டும் பொறித்தது. அந்த இரட்டை ஆண்டைச் சேகரிப்போர் விசேஷமாகவே கருதுகிறார்கள். அதே ராணுவம் மாற்றிய, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஓர் ஊசி மட்டும் எப்படிக் குற்றமாயிற்று? பெட்டியிலேயே உறங்கிய ஆயுதம் உயர்ந்ததென்றும், உழைத்தது தாழ்ந்ததென்றும் தீர்ப்பளித்துவிட்டு, அதைச் சரித்திரத்தின் மீதுள்ள அபிமானம் என்று அழைப்பது பொருந்தாது. இந்தத் தீர்ப்பினால் லாபமடைந்தவர்கள், பொருந்தாத எண்ணை அரத்தால் ராவி, பொருந்தும் எண்ணை அங்கே புதிதாகப் பொறித்து, ஒத்த எண்கள் என்று விற்கும் கைதேர்ந்த மோசக்காரர்கள். அவர்களுடைய வேலையைக் கண்டுபிடிக்க, மதிப்பிடுவோர் இப்போது ஒவ்வோர் இலக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.