காப்பிப் பருவமும் காலி இருக்கைகளும்

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டுக்கு ஒரு பெயர் உண்டு. சுற்றுலாப் பயணியின் பணப்பையை அளந்து வைத்த பெயர் அது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் ஏழ்மையை அது குறிப்பதில்லை. அதே ஏற்காட்டுக்குக் கல்விக்கூடங்களின் ஊர் என்ற பெருமையும் இருக்கிறது. 1894-இல் தொடங்கப்பட்ட சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளியும் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகளை இந்த மலைக்கு வரவழைத்தன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து படிக்க வரும் மாணவர்கள் விடுதியில் தங்குகிறார்கள். படுக்கைக்கும் வகுப்பறைக்கும் இடையே சில நூறு அடி தொலைவு மட்டுமே இருக்கும்போது, வருகைப் பதிவேட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

சேர்வராயன் மலைச் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாழவந்தி, மாரமங்கலம், நாகலூர், செம்மநத்தம் முதலிய ஊராட்சிகளில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இவர்களே தமிழகப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவர்கள். மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டப்பேரவைத் தொகுதிகள் இரண்டே. சேந்தமங்கலத்துடன் ஏற்காடும் அதில் ஒன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. தமிழகப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடுதான். நாடு முழுவதும் உள்ள பழங்குடியினரின் சராசரியே 59 விழுக்காடு. கல்வியில் முன்னணி மாநிலம் என்று நாம் பெருமை கொள்ளும்போது இந்த ஓர் எண்ணைச் சொல்லாமல் கடந்துவிடுகிறோம். அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பு இன்னும் நம் கைக்கு வராததால் இந்தப் பழைய எண்ணையே எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

கல்வியில் பின்தங்கிய பழங்குடிகளைப் பற்றிப் பேசும்போது மொழித் தடையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். வீட்டில் ஒரு மொழி, பாடநூலில் வேறு மொழி என்ற சிக்கல் இங்கே இல்லை. தொடக்கப் பள்ளிகளும் ஓரளவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. சிக்கல் தொடங்கும் இடம் உயர்நிலை வகுப்பு. அங்கும் அது படிப்பை ஒரேயடியாக நிறுத்துவதாகத் தொடங்குவதில்லை. இன்று வந்து நாளை வராமல் போவதில்தான் தொடங்குகிறது.

இதற்கு ஒரு பருவம் உண்டு. சேலத்தின் ஆட்சியராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820-ஆம் ஆண்டை ஒட்டி இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டுகளாக மலையின் நாள்காட்டியைக் காப்பிச் செடியே எழுதுகிறது. 'அராபிகா' பழம் நவம்பரில் சிவக்கத் தொடங்கும். பறிப்பு ஜனவரி, பிப்ரவரி வரை நீளும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மிளகுப் பறிப்பு வரும். பழுத்த காப்பிப் பழம் செடியில் காத்திருக்காது. சில நாள்களில் பறிக்காவிட்டால் உதிர்ந்துபோகும். கூலியோ பல இடங்களில் எடைக் கணக்கு. ஆகவே கைகள் கூடக்கூட வீட்டுக்கு வரும் காசு கூடுகிறது. சொந்தமாக ஓரிரு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாவதில்லை. 15 வயது மகன் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துகிறான். தாய் தோட்டத்துக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள 14 வயது மகள் வீட்டில் நிற்கிறாள்.

பள்ளியின் நாள்காட்டி இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. திருப்புதல் தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரியில். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில். பத்தாம் வகுப்பு மாணவனின் ஆண்டைத் தீர்மானிக்கும் நான்கு மாதங்களும், அவன் குடும்பத்தின் ஆண்டு வருவாயைத் தீர்மானிக்கும் நான்கு மாதங்களும் ஒன்றே. கோடை விடுமுறை விடப்படும் மே மாதத்தில் தோட்டத்தில் பறிப்பு வேலை இல்லை. அப்போது ஏரிக்கரையில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும்.

இந்தப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வராத ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறத்தாழ 16 வாரங்கள். 32 நாள்களை அவள் இழக்கிறாள். தொடர்ந்து 30 நாள் வராவிட்டால்தான் இடைநிற்றல் கணக்கெடுப்பின் கண்ணுக்கு அவள் தெரிவாள். தொடர்ந்தாற்போல் மூன்று நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை. பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 220 வேலை நாள்களில் 55 நாள் விடுபட்டாலும் அவள் தகுதி உடையவளே. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. ஆனால் இயற்கணிதத்தில் பாதியும் அறிவியலில் பாதியும் அவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டன. மார்ச் மாதத்தில் அவள் தோல்வியடையும்போது, "படிப்பில் நாட்டமில்லாத பெண்" என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் இருந்தாலே அதை நாள்பட்ட வராமை என்று கணக்கிடுகிறார்கள். விடுப்பு எடுத்தாரா, சொல்லாமல் நின்றாரா என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் இல்லை. வகுப்பில் இல்லாத நாள், இல்லாத நாள்தான். கொரோனாவுக்கு முன் சுமார் 15 விழுக்காடாக இருந்த அந்த அளவு, 2021-22 கல்வியாண்டில் ஏறத்தாழ இருமடங்கானபோது அங்கே அது தேசியப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. நம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு என்பது 22 நாள். மாதத்துக்கு இரண்டு நாள். ஒவ்வொரு மாணவரின் அன்றாட வருகையும் 'எமிஸ்' இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. 22-ஐத் தாண்டியவர்களின் பட்டியலை எடுக்கப் புதிய செயலி எதுவும் வேண்டியதில்லை, ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும். பதிவேட்டில் பெயர் இருப்பதையும் பிள்ளை வகுப்பில் இருப்பதையும் ஒன்றாகக் கருதுவதன் விளைவை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2023 மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் 2 மொழித்தாள் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வராதபோது மாநிலமே அதிர்ந்தது. அத்தனை பேரும் அன்று காலையில் காணாமல் போனவர்கள் அல்லர்.

ஏன் உயர்நிலை வகுப்பில் மட்டும் இந்தக் கசிவு? நம் சட்டங்களையும் நலத்திட்டங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதாவது எட்டாம் வகுப்பு வரை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016 திருத்தமும் முழுத் தடையை 14 வயதோடு முடிக்கிறது. அதன்பின் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை. 15 வயதுப் பிள்ளை காப்பிப் பழம் பறிப்பதை அது தடுக்காது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி பற்றிப் பேசியபோது 6 முதல் 12 வயதுக்கு மேல் யோசிக்கவே இல்லை.

திட்டங்களும் அப்படியே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு முன்னுரிமை தந்தது பாராட்டத்தக்கது. பசியோடு வந்த குழந்தைகளின் வருகை அதனால் கூடியது என்பதையும் அரசே சொல்கிறது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. காலை ஏழு மணிக்கு மூடுபனியில் கிளம்பி மலைப்பாதையில் நடக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடுதான் இருக்க வேண்டும். மலைப்பகுதி மாணவர்களுக்கான கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்பில் ஏற்காட்டில் குளிர் அடிக்காது போலும்! பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி உண்டு. செங்குத்தான இந்தச் சாலைகளில் அதைப் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆக, பிள்ளையின் உழைப்புக்குச் சந்தையில் விலை வரத் தொடங்கும் அதே வயதில், அரசின் கை ஒவ்வொன்றாக விலகிக்கொள்கிறது. பெற்றோர் பொறுப்பற்றவர்கள் என்று குறைசொல்வதற்கு முன் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி மாணவரின் மனநலம். ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு வகுப்புக்குள் நுழையும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது என்ன? "துரை இன்றைக்குத்தான் வழி தெரிந்து வந்தாரோ?" என்ற கேலி. அடுத்தது, "அப்பாவை அழைத்து வா" என்ற உத்தரவு. பறிப்புக் காலத்தில் தந்தை பள்ளிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆகவே மறுநாளும் அவன் வரமாட்டான். இரண்டு நாள் வராமை நான்காகப் பெருகுவதற்குக் காப்பி மட்டும் காரணமன்று. பாடம் புரியாத அவமானமும், நண்பர்கள் முன் பெயர் சொல்லி எழுப்பப்படும் அச்சமும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. ஒழுங்கு நடவடிக்கையாக நாம் செய்வது பல நேரங்களில் வெளியேற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஆசிரியர்களைக் குறைசொல்வது இதன் நோக்கமன்று. வருகை விழுக்காட்டைக் காட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கும் அழுத்தம்தான் கீழே கேலியாக இறங்குகிறது.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் கடுமையானது. தண்ணீர் வராத கழிப்பறை மாதந்தோறும் சில நாள்களைத் தின்றுவிடும். காப்பித் தோட்டங்களுக்கிடையே மாலை இருட்டில் தனியே நடந்து வருவதற்குப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். காட்டெருமை நடமாட்டமும் அந்த அச்சத்தில் ஒன்று. வருகை விட்டுவிட்டு நடக்கும் 16 வயதுப் பெண்ணுக்குத்தான் வீட்டில் திருமணப் பேச்சு எழுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழகத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். 1098-க்கு அழைப்பு போன பிறகு திருமணத்தை நிறுத்துவதைவிட, அவள் 22-ஆவது நாள் வராதபோதே வீட்டுக் கதவைத் தட்டுவது எளிது. பல மாணவிகளுக்கு வருகைப் பதிவேடுதான் முதல் எச்சரிக்கைப் பலகை.

என்ன செய்யலாம்? பறிப்புக் காலத்தில் விடுமுறை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. உலகில் முன்னுதாரணமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அக்டோபர் விடுமுறை உருளைக்கிழங்கு அறுவடைக்காகத் தோன்றியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அருஸ்டூக் பகுதிப் பள்ளிகள் அதே காரணத்துக்காக விடுமுறை விட்டுவந்தன. ஏற்காட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. குடும்பத் தோட்டத்தில் இரண்டு வாரம் உதவும் மெய்ன் மாநிலத்துப் பிள்ளையும், நான்கு மாதம் எடைக்கூலிக்குப் பழம் பறிக்கும் நம் பிள்ளையும் ஒன்றல்ல. பள்ளியை மூடினால், இப்போது வாரத்தில் மூன்று நாளாவது வருகிற பிள்ளையும் ஆறு நாளும் தோட்டத்துக்குப் போய்விடும்.

ஆனால் நாள்காட்டியைத் தொடவே கூடாது என்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, கல்வி நாள்காட்டியை முடிவுசெய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்கே தந்திருக்கிறது. பொதுத்தேர்வு தேதியை மலைக்கு ஏற்ப மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆயினும் ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வை மாற்றலாம். பத்தாம் வகுப்பின் கடினமான பாடங்களை ஜூன் முதல் அக்டோபருக்குள் முடித்துவிடலாம். பருவத்தில் விடுபட்ட பாடங்களுக்குப் பள்ளி நேரத்திலேயே மறுவகுப்பு வைக்கலாம். மாலையில் வைத்தால் பேருந்து போய்விடும்.

பேருந்து சாதாரணச் செய்தியன்று. மலையூர்களில் ஒரு வண்டி தவறினால் அன்றைய பள்ளி தவறியது. 2024 டிசம்பரில் 'ஃபெஞ்சல்' புயல் மழையால் சேலம்-ஏற்காடு சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, மாணவர்கள் மட்டுமல்லாமல் அடிவாரத்திலிருந்து வரும் ஆசிரியர்களும் பள்ளியை அடைய முடியவில்லை. அது பேரிடர். பேரிடர் இல்லாத நாளிலும் பேருந்தின் நேரம் பள்ளி மணியோடு பொருந்துகிறதா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு கேட்க வேண்டும். போக்குவரத்துக் கழகம் பதில் சொல்ல வேண்டும்.

கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு தேவை. மேற்கு ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து செங்கல் சூளைகளுக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பருவகால விடுதிகள் நடத்தப்படுகின்றன. பெற்றோர் திரும்பும் வரை பிள்ளை அங்கே தங்கி, தன் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறது. நம்மிடம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டு முழுவதற்குமான இடங்களோடு, நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும் தங்கும் மாணவருக்கும் இடம் தர விதிகளில் வழி செய்தால், புதிய கட்டடம் இல்லாமலே பெரும்பகுதிச் சிக்கலைத் தீர்க்கலாம். அந்த விடுதியில் பெண் காப்பாளரும் இரவுக் காவலரும் இல்லையென்றால் எந்தத் தாயும் மகளை விட்டுச்செல்ல மாட்டாள். அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் விடுதியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

காலை உணவை மலைப்பகுதிகளில் மட்டுமாவது பத்தாம் வகுப்பு வரை நீட்டிப்பது மாநில நிதிநிலையைக் கவிழ்த்துவிடாது. கம்பளிச் சட்டைக்கு அரசாணையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆலோசனைக்கு 14417, 14416 என்ற உதவி எண்கள் இருக்கின்றன என்று சொல்லப்படும். கைப்பேசி சமிக்ஞைக்காகப் பாறை ஏறி நிற்க வேண்டிய ஊரில் அந்த எண்களின் பயன் குறைவு. ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர், அதுவும் மலையாளிச் சமூகத்திலிருந்தே பட்டம் பெற்று வந்த இளைஞரோ இளம்பெண்ணோ, வாரந்தோறும் பள்ளிக்கும் வராதவர் வீட்டுக்கும் போய்வந்தால் பதிவேடு சொல்லாத காரணங்கள் தெரியவரும்.

அடுத்த பறிப்பு நவம்பரில் தொடங்கும். விடுதி இடங்களும் பேருந்து நேரமும் பாடத்திட்ட வரிசையும் ஜூன் மாதத்திலேயே முடிவானால்தான் அப்போது கைகொடுக்கும். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு ஜனவரியில் கூட்டப்படும் ஆய்வுக் கூட்டத்தால், அந்த ஆண்டின் பத்தாம் வகுப்புக்கு எதுவும் செய்ய இயலாது.