மான்ஸ்டர் மேக்ஸ்: மறக்கப்பட்ட ஒரு விளையாட்டின் நிறையும் குறையும்

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மின்னணு விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம், வேலை வாய்ப்பு, இலக்கியம் என்று எத்தனையோ கனமான தலைப்புகள் இருக்க, ‘விளையாட்டுக்கு எதற்கு இத்தனை பக்கம்?’ என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, எது மிகுதியோ அதைக் கொண்டு மதிப்பிடச் சொன்ன வள்ளுவரை மேடைதோறும் போற்றும் நாம், அந்த வேலையை எத்தனை முறை முறையாகச் செய்திருக்கிறோம்? பிடித்துவிட்டால் தலையில் வைத்து ஆடுகிறோம். பிடிக்காவிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. அதனால், பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு சிறு விளையாட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தராசைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறேன்.

அவ்விளையாட்டின் பெயர் ‘மான்ஸ்டர் மேக்ஸ்’. நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக 1994இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. அப்படியானால் நிபோங் திபாலுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்த என் அத்தை, 1996ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அவர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன கேம் பாயையும் இரண்டு அட்டைகளையும் எங்களுக்குக் கொண்டு வந்தார். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த டெட்ரிஸ். மற்றொன்று மான்ஸ்டர் மேக்ஸ். எனக்கு அப்போது பதினொரு வயது. தம்பிக்கு எட்டு. கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். திரைக்கு உள்விளக்கு இல்லாத கருவி அது. ஆகவே இரவில் கீழே இறங்கி, அஞ்சடியில் எரியும் குழல்விளக்குக்கு நேர் கீழே முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்துகொள்வோம். நான்கு மின்கலங்கள் தீர்ந்துவிட்டால், அப்பா சம்பளம் வாங்கும் வரை விளையாட்டுக்கு விடுமுறை.

இனி விளையாட்டுக்கு வருவோம். கதை எளிமையானது. குரோண்ட் என்னும் அரசன் நாட்டில் இசையைத் தடை செய்துவிடுகிறான். ராக் இசைக் கலைஞனாக வேண்டும் என்று கனவு காணும் மேக்ஸ் என்ற குட்டி அரக்கன், அவனை எதிர்க்க வீரர் பயிற்சிக் கழகம் ஒன்றில் சேர்கிறான். அறை அறையாகக் கடந்து, புதிர்களை விடுவித்து, மாடி மாடியாக முன்னேற வேண்டும்.

இதன் தனித்தன்மை அறைகளை வரைந்த விதத்தில் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் முதலாண்டு வரைபட வகுப்பில் ‘ஐசோமெட்ரிக்’ படம் வரைந்திருப்பீர்கள். ஒரு பெட்டியை மூலையிலிருந்து, சற்று மேலே நின்று பார்ப்பதுபோல் வரைவது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே படத்தில் தெரியும். தூரத்தில் இருப்பது சிறிதாகாது. தாளில் கோடுகள் 30 பாகை சாய்ந்திருக்கும். புள்ளிகளால் ஆன திரையில் அப்படி வரைந்தால் கோடு பிசிறடிக்கும் என்பதால், இரண்டு புள்ளி பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி மேலே என்ற கணக்கில் ஏறத்தாழ 26.6 பாகைக்கு வரைவார்கள். முப்பரிமாணத்தைக் கணக்கிட வலுவில்லாத பழைய கருவிகள் முப்பரிமாண உலகத்தைக் காட்டிய தந்திரம் இதுதான்.

இத்தந்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் பிரிட்டனில் ஸ்டாம்பர் சகோதரர்களின் ‘அல்டிமேட்’ நிறுவனம் வெளியிட்ட ‘நைட் லோர்’ பலரை வியக்க வைத்தது. அவ்வாறு வியந்தவர்களில் ஒருவர் ஜான் ரிட்மன் என்னும் நிரலாளர். அவர், பெர்னி டிரம்மண்ட் என்னும் ஓவியருடன் சேர்ந்து அதே பாணியில் 1986இல் ‘பேட்மேன்’, 1987இல் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ ஆகிய இரண்டையும் உருவாக்கினார். இரண்டாவது விளையாட்டை இன்றும் பலர் கொண்டாடுகிறார்கள். பிறகு ஸ்டாம்பர் சகோதரர்கள் தொடங்கிய ‘ரேர்’ நிறுவனத்துக்காக அதே இருவர் செய்ததுதான் மான்ஸ்டர் மேக்ஸ். முன்னோடியைப் பார்த்துக் கற்றவர், முன்னோடியின் வீட்டுக்கே வந்து செய்த வேலை எனலாம்.

நிறைகள்

முதல் நிறை, சிறு இடத்தில் பெரிய உலகம். கேம் பாயின் திரை குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. மொத்தம் 23,040 புள்ளிகள். வண்ணம் கிடையாது, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கே சாயல்கள். இன்றைய கைப்பேசித் திரையில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருப்பது சாதாரணம். அந்தக் கையகலத் திரையில் சுவர், கதவு, படி, நகரும் எதிரி, தள்ளக்கூடிய பொருள் அத்தனையும் வைத்து, ஒவ்வொன்றையும் அடையாளம் காணும்படி வரைந்திருக்கிறார் டிரம்மண்ட். நான்கு சாயல் போதாது என்று குறைபட்டுக்கொள்ளாமல், நான்கு சாயலுக்கு ஏற்ற உருவங்களைத் தேர்ந்திருக்கிறார்.

இரண்டாவது நிறை, ஒவ்வோர் அறையும் ஒரு கேள்வி. ஓடிக்கொண்டே குதிக்கும் விளையாட்டுகளில் கைவேகம் போதும். இங்கே அறைக்குள் நுழைந்ததும் நின்று பார்க்க வேண்டும். எந்தப் பொருளை எங்கே வைத்தால் எதன்மேல் ஏறலாம், எதை முதலில் நகர்த்தினால் பின்னால் வழி அடைபடும் என்று மனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

மூன்றாவது நிறை, விளையாடுபவனை மதிப்பது. ‘இங்கே போ, இதை அழுத்து’ என்று அது கையைப் பிடித்து அழைத்துச் செல்வதில்லை. விடை கிடைத்தால் அது முழுக்க நம்முடைய விடை. எங்களிடம் விளக்கக் கையேடும் இல்லை. அத்தை வீட்டில் எப்போதோ தொலைந்துவிட்டதாம். இருந்தும் சில மாடிகளைக் கடந்தோம்.

குறைகள்

முதல் குறை, ஐசோமெட்ரிக் படத்தின் பிறவிக்குறை. தரையில் சற்றுத் தொலைவில் இருக்கும் கல்லும், அருகில் அந்தரத்தில் இருக்கும் கல்லும் திரையில் ஒரே புள்ளியில் விழலாம். படத்தை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. தூரப் பொருள் சிறிதாகாது என்பதுதான் இம்முறையின் வசதி. அதுவே இங்கே வினையாகிறது. வண்ணம் இருந்தால் ஓரளவு பிரித்தறியலாம். நான்கு சாயலில் அதற்கும் வழியில்லை. எட்டிவிடலாம் என்று நம்பிக் குதித்து, வெற்றிடத்தில் விழுந்த தடவைகளுக்குக் கணக்கே இல்லை. இக்குறை இவ்விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1992இல் மெகா டிரைவ் கருவிக்கு வண்ணத்தோடு வந்த ‘லேண்ட்ஸ்டாக்கர்’ விளையாட்டின்மீதும் இதே புகார் உண்டு.

இரண்டாவது குறை, கைக்கும் கண்ணுக்கும் உள்ள பொருத்தமின்மை. பொத்தான் மேல், கீழ், இடம், வலம் என்று நேராக இருக்கிறது. அறையோ சாய்ந்து கிடக்கிறது. ‘மேலே’ என்று அழுத்தினால் மேக்ஸ் மூலைவாக்கில் நடப்பான். பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்குள் பாதிப்பேர் அட்டையைக் கழற்றிவிட்டு டெட்ரிசுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது குறை, இரக்கமின்மை. அறையின் திட்டம் முழுவதும் புரிந்த பிறகும், ஒரு குதி தவறினால் பட்ட பாடு வீண். அறிவைச் சோதிக்கும் விளையாட்டு, அறிவு சரியாக இருக்கும்போது விரல் நுனிக்காகத் தண்டிப்பது நியாயமாகப் படவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போகாததை நிறை என்றேன். விழுந்தவனுக்குக் கை கொடுக்காததைக் குறை என்கிறேன். இரண்டும் வேறு வேறு.

நான்காவது குறை விளையாட்டுக்குள் இல்லை. அது வந்த நேரத்தில் இருக்கிறது. இதழ்களில் நல்ல மதிப்புரைகள் வந்த பிறகும், டைட்டஸ் என்னும் வெளியீட்டு நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவரத் தாமதித்தது. படித்து ஆசைப்பட்டவர்கள் கடைக்குப் போனபோது சரக்கு இல்லை. சரக்கு வந்தபோது ஆசை இல்லை. அதே 1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வெளிவந்தது. உண்மையான முப்பரிமாணம் வீட்டுக்குள் நுழையும் காலத்தில், பச்சைத் திரையில் வரைந்த பொய் முப்பரிமாணத்தை யார் தேடுவார்கள்?

நிறையும் குறையும் இப்படி இருக்க, எது மிகுதி? இவ்விடத்தில் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தம்பி படிப்பில் பின்தங்கியவன். எழுத்துகள் அவனுக்கு வசப்படவில்லை. 2001இல் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தபோது கடைசி வகுப்பில் போட்டார்கள். ‘அண்ணன் மாதிரி இல்லையே’ என்பதை உறவினர்கள் அவன் காதுபடவே பேசினார்கள். நானும் அதை மறுத்துப் பேசியதில்லை என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அஞ்சடியில் நிலைமை தலைகீழ். நான் நான்கு நாள் முட்டி மோதிய அறையை அவன் வாங்கிச் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் பார்ப்பான்.

“அண்ணே, அந்தக் கல்லு உசரத்துல இல்ல. தூரமா இருக்கு. நீ பின்னால போயி நின்னு பாரு. மேக்ஸ அது மறைக்குதா, மேக்ஸ் அத மறைக்கிறானான்னு பாரு. தெரிஞ்சிரும்.”

எது எதை மறைக்கிறது என்பதை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிக்கலாம். நான் மேலே ‘பிறவிக்குறை’ என்று எழுதினேனே, அக்குறையைத் தாண்டும் வழியை, யாரும் சொல்லித் தராமல் அவன் கண்டுபிடித்திருந்தான். 2004இல், நம் ஊர் டிரான்ஸ்கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் சேர்ந்து, வரைபட வகுப்பில் மூன்று பக்கத் தோற்றங்களிலிருந்து முழுப் பொருளை மனத்தில் கட்டியெழுப்பத் தெரியாமல் திணறியபோதுதான், தம்பியிடம் இருந்தது என்னவென்று எனக்கு உறைத்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது பயிற்சித் தாளை அவனிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கத்தியால் செதுக்கி அதே வடிவத்தை என் கையில் கொடுத்தான்.

மான்ஸ்டர் மேக்ஸ்தான் அவனுக்கு அந்தத் திறமையைக் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவனிடம் இருந்த திறமையை எங்கள் வீட்டில் முதன்முதலில் கண்டுகொண்டது அந்தப் பச்சைத் திரைதான். பள்ளித் தேர்வு கேட்காத கேள்வியை அது கேட்டது. இன்று அவன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் அச்சு வார்ப்புப் பிரிவில் இருக்கிறான். பட்டம் பெற்ற பொறியியலாளர்கள் வரைபடத்தோடு அவன் மேசைக்கு வந்து, ‘இது சரிவருமா?’ என்று கேட்டுவிட்டுப் போவதாக அவனுடைய நண்பர் சொன்னார். அவன் சொல்லவில்லை.

ஆகவே என் தராசில் நிறைப்பக்கமே தாழ்கிறது. குறைகளை மறைத்து அப்படிச் சொல்லவில்லை. முதல் குறை இல்லாவிட்டால் தம்பியின் கண் எங்களுக்குத் தெரிந்திருக்காது. 2014இல் வெளிவந்து உலகெங்கும் பாராட்டுப் பெற்ற ‘மானுமெண்ட் வேலி’ என்னும் கைப்பேசி விளையாட்டு, இதே குழப்பத்தையே புதிராக்கியது. தூரமும் உயரமும் ஒன்றுபோல் தெரிவதால் இல்லாத பாலங்கள் அதில் உருவாகின்றன. ஒரு காலத்தில் குறை என்று ஒதுக்கப்பட்டது இன்னொருவர் கையில் நிறையாகிவிட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நிரல் எழுதுகிறீர்கள். சிலர் விளையாட்டுகளை உருவாக்கவும் தொடங்கியிருப்பீர்கள். அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். ‘அருமை’ என்று ஒரு சொல்லோடு முடித்துவிடாதீர்கள். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை, ஏன் என்று எழுதுங்கள். முன்னாள் மாணவர்களே, இம்மலருக்கு ஆண்டுதோறும் வாழ்த்துச் செய்தி அனுப்புவதோடு நில்லாமல், நீங்கள் கண்டு மற்றவர் காணாத ஒன்றின் நிறைகுறையை ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள். ஒரு நல்ல வேலை தாமதமாக வந்ததாலோ தவறான இடத்தில் வந்ததாலோ மறைந்துபோவது புதிதன்று. ஆளும் அப்படி மறைந்துபோகலாம்.

கேம் பாய் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு மின்கலம் போட்டுப் பார்த்தோம், வேலை செய்தது. தம்பி மகள் வாங்கி விளையாடினாள். மூன்று முறை விழுந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விடையைச் சொல்லவில்லை. “பின்னால போயி நின்னு பாரும்மா” என்று மட்டும் சொன்னான்.