டிப்ரஷனுக்கு மெஷின் வாங்கலாமா?

"மாத்திரையெல்லாம் வேண்டாம் சார், தலையில் மாட்டிக்கிற மெஷின் வந்திருக்காமே, வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா?" வெளியூரில் குடித்தனம் நடத்தும் நம்மவர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். டாக்டரிடம் போனால் பக்கத்து ஃபிளாட்டுக்குத் தெரியும், அப்புறம் ஊருக்கே தெரியும், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம்.

இது சினிமாவில் காட்டும் ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை. பேர் டி.டி.சி.எஸ். நெற்றியில் இரண்டு பேட், 2 மில்லி ஆம்பியர் கரண்ட், அரை மணி நேரம். வலிப்பு வரவைக்கிற வேலை இதில் கிடையாது, மயக்க மருந்தும் வேண்டாம். தோல் லேசாகக் குறுகுறுக்கும்.

சரி, கேட்கிறதா? 2017-ல் வெளியான பிரேசில் ஆய்வில் 245 பேர். போலி சிகிச்சையைவிட மெஷின் தேவலை, ஆனால் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. 2023-ல் ஜெர்மனி, 160 பேர், மாத்திரையோடு சேர்த்து மெஷின். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல் பிரிட்டன், அமெரிக்காவில் 174 பேர் வீட்டிலேயே 10 வாரம் மாட்டிக்கொண்டார்கள். அசல் மெஷின் கிடைத்தவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. போலி மெஷின் கிடைத்தவர்களில் சுமார் 22. செலவு மெஷின் கம்பெனியுடையது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்த 22-ஐக் கொஞ்சம் யோசியுங்கள். போலி மெஷினில் கொஞ்சம் குறுகுறுப்பு, அவ்வளவுதான். அதிலேயே ஐந்தில் ஒருவர் தேறியிருக்கிறார். நம்பிக்கை, ஒரு ஒழுங்கு, 'எப்படி இருக்கீங்க' என்று விசாரிக்க ஒரு ஆள், நாளாவட்டத்தில் தானாகக் குறைவது எல்லாம் அதில் இருக்கலாம். அதனால்தான் "என் மச்சினனுக்குச் சரியாப் போச்சு" என்ற பேச்சை நம்பி மெஷின் வாங்கக் கூடாது.

இன்னொன்று. அந்த 174 பேரை டாக்டர்கள் பார்த்துத்தான் சேர்த்தார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டவர்கள் தொடர்ந்து சாப்பிட்டார்கள். நம் ஆட்கள் கேட்பதோ டாக்டரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று. அப்படி யாரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னால் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். ஓடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினால் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் 14416 டெலி மானஸ், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வரன் விஷயம் அப்புறம் பார்த்துக்கலாம்.