எட்டு நொடிக் கதை

‘இன்றைய தொழிலாளிக்கு எட்டு நொடிதான் கவனம் நிற்கும், பயிற்சியை இரண்டு நிமிட வீடியோக்களாக நறுக்கி செல்போனில் அனுப்பினால் கற்றுக்கொள்வார்’ என்கிறார்கள் ஆலைகளில் பயிற்சி நடத்துபவர்கள். இதில் சில ஓட்டைகள்.

ஒன்று: அந்த எட்டு நொடி, தங்கமீனோடு ஒப்பிட்டு 2015இல் மைக்ரோசாஃப்ட் கனடா அறிக்கை பரப்பிய எண். ஒரு புள்ளிவிவர இணையதளத்திலிருந்து எடுத்தது. பின்னால் உருப்படியான ஆய்வு கிடையாது. அதே தொழிலாளி அதே போனில் இரண்டரை மணி நேரப் படத்தை முழுசாகப் பார்க்கிறாரே, எப்படி?

இரண்டு: நறுக்கினால் பாடம் மாறிவிடுமா? நாற்பது ஸ்லைடைப் பத்தாக வெட்டினாலும் அதே பழைய ஸ்லைடுதான். தொழிலாளிக்குத் தேவை வேலை நடுவே எழும் கேள்விக்கு விடை: மெஷினில் நூல் சிக்கினால் முதலில் எந்த சுவிட்சை அணைப்பது? அதை மெஷின் மேலேயே க்யூஆர் கோடாக ஒட்டி, தமிழ்க் குரலில் கேட்க வையுங்கள். போனால் ஆகக்கூடிய காரியம் அது.

மூன்று: வீடியோவைப் பார்த்து முடித்ததாகக் காட்டும் பச்சை டிக். சத்தத்தை அணைத்து ஓடவிட்டாலும் விழுகிறது. வீடியோ முடிவில் வரும் வினாவுக்கு விடை வாட்ஸ்அப் குழுவில் முன்பே வந்துவிடுகிறது. கற்றது நாள்பட மங்கும் என்று உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டார். நாலு நாள் கழித்து அதே வினாவைத் திரும்பக் கேட்க போனுக்கு என்ன கஷ்டம்? கேட்பதில்லை.

இன்னொன்று. பல ஆலைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்; அங்கே க்யூஆர் கோடும் உதவாது. பிறகு வீடியோவை எப்போது பார்ப்பது? ஷிப்ட் முடிந்து, வீட்டில், சொந்த டேட்டாவில். அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது?