புகைக்கும் ஒரு வழி விடுங்கள்



நீங்கள் கடைசியாகப் போன குடிபூரலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாபிள் பதித்த விறாந்தை, பன்ரி அலுமாரி பூட்டிய குசினி, பளபளக்கும் காஸ் அடுப்பு. பார்க்க மனம் நிறைந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டுக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பன்ரி அப்படியே பளபளவென்று இருக்கும். சோறு பின்பக்கத்தில், தகரம் போட்ட கொட்டிலுக்குள், மூன்று கல்லில் வெந்துகொண்டிருக்கும். கண்ணைக் கசக்கியபடி அம்மாவோ அம்மம்மாவோ வெளியே வந்து "வாங்கோ பிள்ளை" என்பார்.

விறகில் சமைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்து எல்லோரும் பயந்துபோனோம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அடுப்பு எரிந்த வீடுகளில் எரிந்தது பெரும்பாலும் விறகுதான். அதற்கு முன்னே, 2009இல் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமிலும் கல் கூட்டித்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினோம். விறகடுப்பை விட்டுவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு மனம் வராது.

நான் கேட்பது வேறு. வீடு கட்டும்போதே விறகடுப்புக்கும் ஓர் இடத்தை வரைபடத்தில் போடுங்கள். அந்த அடுப்பின் புகை வெளியே போக ஒழுங்கான புகைக்கூடு வையுங்கள்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்களின் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான். பிள்ளைக்கு நியுமோனியா, தாய்க்கு ஆறாத இருமல், வயதானால் கண்புரை. புகைத்தே அறியாத அம்மம்மாவுக்கு ஏன் இப்படி இளைக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

முதலில் அடுப்பு. இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். 1980களில் இலங்கையிலேயே உருவான அனாகி அடுப்பு போதும். ஒரே துண்டாக வனைந்து சுட்ட மண் அடுப்பு. விறகு வைக்க ஒரு வாய், மேலே இரண்டு பானைக்கு இடம். மூன்று கல் அடுப்போடு பார்த்தால் விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். விறகு பொறுக்கக் காட்டோரம் போய் யானைக்குப் பயந்து திரும்பும் பெண்களுக்கு அது சின்ன விஷயமா?

அனாகியை அப்படியே தரையில் வைத்து எரித்தால் பாதிப் பயன்தான். இடுப்பளவு உயரத்தில் கல்லால் மேடை கட்டி, அதன்மேல் அடுப்பை இருத்தி, புற்றுமண்ணோடு உமியும் சாணமும் குழைத்துச் சுற்றிவர நாலு விரற்கடைத் தடிப்புக்கு அணைக்க வேண்டும். பானை இருக்கும் குமிழ்களை மண்ணால் மூடிவிடக் கூடாது. பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே பொங்கினால் மண் வெடித்துவிடும். மேடை உயரமாக இருந்தால் தவழும் பிள்ளை கொதிக்கும் பானையைப் பிடித்து இழுக்கும் பயமும் குறையும்.

அனாகி புகையைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அதனால்தான் புகைக்கூடு. எங்கள் வீடுகளில் அதிகம் பிழைப்பதும் இங்கேதான்.

புகைக்கூட்டின் வாய் மேடையின் அகலத்துக்குக் குறையாமல், விறகு வாயையும் இரண்டு பானை இடத்தையும் மூடி நிற்க வேண்டும். மேலே போகும் குழாய் இயன்றவரை நேராகப் போகட்டும். கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். சுற்றிப் பத்து அடிக்குள் உள்ள முகட்டை விட 2 அடியாவது கூட நிற்க வேண்டும். கட்டையாக விட்டால் கச்சான் வீசும் நாட்களில் காற்று புகையைத் திருப்பிக் குசினிக்குள்ளேயே தள்ளும். மேலே மழைமூடி வைத்து, அதன்கீழ்ப் பக்கவாட்டில் திறப்பு விடுங்கள். அணிலும் குளவியும் குடியேறாமல் கம்பிவலையும் அடியுங்கள்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். தகரக் குழாய் வைத்தால் அதற்கும் வளை, கைமரம், றீப்பை எதற்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். "தொடவில்லைத்தானே" என்று மேசன் சொல்லக்கூடும். தொட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் சூடு பட்ட மரம் உள்ளுக்குள் கரியாகி, பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூரையூடாகக் குழாய் விடவே வேண்டாம். பிளாஸ்ரிக் பைப்பைப் புகைக்கூடாக்கும் வேலையையும் தயவுசெய்து விடுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட வீடா? அதில் துளை போடாதீர்கள். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போய் வருடங்கள் கழித்து நோயாக வரும். கடும் சூடு பட்டால் சீற் படீரென்று வெடித்துச் சிதறும். பின்சுவரால் குழாயை வெளியே எடுத்து, கூரை இறக்கத்துக்கு அப்பால் செங்கல்லில் உயர்த்துவது நல்லது.

வன்னியில் இருப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. காணியில் கிடக்கும் இரும்புக் குழாயையோ கோதையோ குறுக்குக் கம்பிக்கும் புகைக்கூட்டுக்கும் எடுக்காதீர்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கண்ணிவெடி அகற்றியவர்கள் எத்தனையோ வருடம் உழைத்தும், குப்பைக்குத் தீ வைத்த இடத்தில் மண்ணுக்குள் கிடந்தது வெடித்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

இனி விறகு. பாலையோ வீரையோ, ஊமலோ பனைமட்டையோ, எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகில் பாதிவரை தண்ணீர். அது புகைந்து புகைந்து குழாய்க்குள் ஒட்டறையும் தாரும் படியவிடும். ஒருநாள் அந்தத் தாரே பற்றி எரியும். ஆகவே மாரி தொடங்கும் முன் வருடம் ஒருமுறையாவது குழாயைத் துடைக்க வேண்டும். நோர்வேயில் உள்ள உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வீட்டு விறகடுப்பின் புகைக்கூட்டைப் பார்க்க நகரசபையே ஆள் அனுப்புகிறது. எங்களுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நீண்ட கம்பில் சாக்கைக் கட்டி நாமே துடைக்க வேண்டியதுதான்.

சாரல் அடிக்கிறது என்று கதவையும் யன்னலையும் இறுகச் சாத்திவிட்டு எரிக்காதீர்கள். உள்ளே காற்று வந்தால்தான் புகை மேலே ஏறும். தணலில் இருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்குச் சூடு வேண்டும் என்று தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இவ்வளவையும் மேசனிடம் யார் சொல்வது? நீங்கள்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயைத் தவணை தவணையாக வாங்கி, தாங்களே நின்று வீடு கட்டுவித்த பெண்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். சீமெந்துக் கலவையில் மணல் கூடினால் பார்த்தவுடன் பிடிப்பவர்கள். அடுப்படியில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறோம்? வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். பன்ரிக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை அம்மா நின்று சமைக்கும் இடத்துக்கு ஒதுக்குங்கள்.

மேசனுக்குக் கடைசிக் கூலி கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஈரப் பொச்சுமட்டை ஒன்றைக் கொளுத்திப் புகையவிட்டு அடுப்பு வாயில் வையுங்கள். முதலில் குழாய் குளிர்ந்திருக்கும், கொஞ்சம் பொறுங்கள். குழாய் சூடேறிய பிறகும் புகை உங்கள் முகத்துக்கே வந்தால், புகைக்கூட்டின் வாயைக் கொஞ்சம் இறக்கவோ குழாயை இன்னும் ஓரடி உயர்த்தவோ சொல்லுங்கள். அதைச் செய்து முடித்த பிறகு கூலியைக் கொடுங்கள்.