மரம் வைக்கச் சொன்னோம். வெட்டச் சொல்லிக் கொடுத்தோமா?

நம் இயக்கக் கூட்டங்களில் மரப்பயிர் பற்றிப் பேசாத கூட்டம் கிடையாது. வரப்போரம் தேக்கு வை, மலைவேம்பு வை, உயிர்வேலிக்குக் கிளுவை வை, தழைக்குக் கிளைரிசிடியா வை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் வைத்த மரம் ஒருநாள் வெட்டுக்கு வரும் இல்லையா? அந்த நாளைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. வியாபாரியிடம் விலை பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டு, வெட்டுவது அவர் பாடு என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அவர் அனுப்பும் ஆள் லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு, கையில் செயின்சாவைப் பிடித்துக்கொண்டு நம் தோட்டத்துக்குள் இறங்குகிறார். இது சரியில்லை என்பதுதான் என் கருத்து.

செயின்சாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் கோடாரியையும் இழுவாளையும் வைத்துக்கொண்டு கவாத்துகூட முடியாது. கேள்வி, எந்த மெஷினை, எப்படி, யார் கையில் கொடுப்பது என்பதுதான்.

முதலில் வாங்குகிற கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். மெஷின் வாங்க வருகிறவரிடம் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?" என்பதுதான். என் நாலு ஏக்கரில் மெஷின் ஓடுவது வருஷத்துக்கு எட்டு, பத்து நாள். பெரும்பாலான சிறு உழவர்களுக்கும் இதே கதைதான். பத்து நாள் ஓடுகிற மெஷினுக்கு, காடு வெட்டுகிறவர்கள் தினமும் தூக்குகிற 70 சிசி மெஷின் எதற்கு? பார், செயினோடு சேர்த்தால் எட்டுக் கிலோவை நெருங்கும். பழக்கமில்லாத கை அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த கையில்தான் விபத்து நடக்கும்.

கவாத்துக்கும், விறகுக்கும், ஒரு அடிக்கு உட்பட்ட மரத்துக்கும் 35 முதல் 50 சிசி வரை போதும். பார் 16 அங்குலம், மிஞ்சினால் 18. அதற்கு மேல் பருமனான மரமா? தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். செயின், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று கேளுங்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். இடது கைக்கு முன்னால் நிற்கிற அந்தத் தடுப்பைச் சும்மா ஒரு பிளாஸ்டிக் துண்டு என்று நினைக்கிறார்கள். அதுதான் பிரேக்கின் நெம்புகோல். பாரின் நுனியில், மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது மணிக்கட்டு அந்தத் தடுப்பில் பட்டு, செயின் நின்றுபோகும். முழு வேகத்தில் செயின் வினாடிக்கு 20 மீட்டர் ஓடும் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

இரண்டாவது, இந்த "மாத்திக் குடுக்கிற" பழக்கம். புது மெஷினை வாங்கிய வாரமே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் சைலன்சரில் ஓட்டை போடுகிறார்கள். சின்ன இன்ஜினில் 22 அங்குல பார் மாட்டுகிறார்கள். செயினில் பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டை ஒரேயடியாக ராவிவிடுகிறார்கள். "இடைஞ்சலா இருக்குண்ணே" என்று கைத்தடுப்பையே கழற்றிவிடுகிறார்கள். இதில் எதுவும் உழவனுக்கு லாபமில்லை. சைலன்சரைத் திறந்துவிட்டு கார்புரேட்டரைச் சரிசெய்யாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறையும். இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே 100 டெசிபலைத் தாண்டும் சத்தம் இன்னும் ஏறும். நீளமான பாருக்குச் சின்ன மெஷினின் ஆயில் பம்ப் ஈடுகொடுக்காது. மேட்டை அதிகமாக ராவினால் பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்கும், எகிறுவதும் கூடும்.

வேகம் வேண்டுமா? செயினைத் தீட்டுங்கள். ஒவ்வொரு செயினுக்கும் அதற்கான உருண்டை அரம் உண்டு. சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. எல்லாப் பல்லையும் ஒரே சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே எண்ணிக்கையில் ராவ வேண்டும். வெட்டும்போது சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை இருக்கிறது. மாவு மாதிரித் தூள் வந்தால் நிறுத்தி அரத்தை எடுங்கள். தென்னைக்கு இது ரொம்ப முக்கியம். வெளிவட்டம் இரும்பு மாதிரி இருக்கும், செயினைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

மூன்றாவது விஷயம் நமக்கென்றே உள்ளது. பாரில் ஓடும் ஆயில் திரும்பி டேங்குக்கு வருவதில்லை. அவ்வளவும் மண்ணுக்குத்தான் போகிறது. நம் ஊரில் அதில் ஊற்றுவது டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயில். அதில் உலோகத்தூளும் புற்றுநோய் தரும் பொருள்களும் உண்டு. ஒரு சொட்டு ரசாயனம் படாத மண் என்று சான்றிதழ் மாட்டிவைத்துவிட்டு அதிலேயே இதைத் தெளிக்கலாமா? ஐரோப்பாவில் தாவர எண்ணெயைத்தான் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரியா 1990களிலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. நாமும் சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டலாம். ஒரே நிபந்தனை, வேலை முடிந்ததும் பாரையும் செயினையும் துடைத்துவிட வேண்டும். நாள்பட விட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் கலவையையும் டேங்கில் மாதக்கணக்கில் விடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

இனி வெட்டு. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஆப்பு வடிவில் வெட்டுகிறோம். பருமனில் நாலில் ஒரு பங்கு ஆழம் போதும். பிறகு பின்பக்கத்திலிருந்து அறுத்து வரும்போது, பருமனில் பத்தில் ஒரு பங்கை வெட்டாமல் விட வேண்டும். அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பிப் படுக்கவைக்கிறது. "சீக்கிரம் விழட்டும்" என்று அதையும் அறுத்தால் மரம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. மெஷினைத் தொடுவதற்கு முன்பே, பின்பக்கமாகச் சாய்வாக ஓட ஒரு வழியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை விரட்டுவதும் தோட்டக்காரர் வேலைதான்.

நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம் ஆபத்து. 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தபோது, மெஷினைப் பிடித்தே பழகாதவர்களெல்லாம் அறுக்க இறங்கினார்கள். வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், மறுபக்கம் அமுங்கியிருக்கும். அமுங்கிய பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து மெதுவாக முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பார் மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் மரம் பிளந்து அடிக்கும். அடிமரத்தை அறுத்ததும் வேர்க்கட்டி திடீரென்று பழைய இடத்துக்கே திரும்பும். அந்தக் குழிக்குள் ஆள் நிற்கவே கூடாது.

"இதெல்லாம் சரிங்க, இந்த வெயில்ல பூட்ஸும் பேண்ட்டும் எவன் போடுவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செயின்சாவுக்கென்று வருகிற கால்தடுப்பில் ஏப்ரன் மாதிரி முன்பக்கம் மட்டும் மூடுகிற வகை உண்டு. செயின் பட்டால் உள்ளே இருக்கும் நீளமான நார் இழுபட்டுப்போய்ச் சக்கரத்தில் சிக்கி, செயினை நிறுத்திவிடும். அதோடு முகவலையும் காதுமூடியும் உள்ள ஹெல்மெட், கெட்டியான பூட்ஸ். வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்தால் வெயில் ஒரு சாக்கு ஆகாது.

இவ்வளவும் தனித்தனியாக வாங்கச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் என் யோசனை இது. ஒவ்வொரு வட்டாரக் குழுவும் பொதுவில் ஒரு நடுத்தர மெஷின், இரண்டு செட் பாதுகாப்பு உடை, இரண்டு செயின், அரம், பிளாஸ்டிக் ஆப்பு வாங்கி வைக்கட்டும். பத்துப் பேர் பகிர்ந்தால் வருஷத்துக்கு நூறு நாள் ஓடும். அப்போதுதான் அது முதலீடு. ஊரில் ஏற்கெனவே மரம் வெட்டும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, முறையான பயிற்சிக்கு ஏற்பாடு செய்வோம். மானியத்தில் மெஷின் கொடுத்தால் பாதுகாப்பு உடையும் அந்த விலைக்குள் வர வேண்டும் என்று அரசிடம் கேட்போம். மரத்தை விலை பேசும்போதே, "உடை போடாத ஆள் என் தோட்டத்தில் மெஷின் எடுக்கக் கூடாது" என்று வியாபாரியிடம் சொல்லிவிடுவோம். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். குறைத்தே கொடுப்போம்.

நஞ்சில்லாத சோறு என்று சொல்கிறவர்கள் நாம். நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர் இரண்டு காலோடு வீடு திரும்புவதும் அதே கொள்கையில் சேர்ந்ததுதான். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.