சாகாத வீடும் ஏற முடியாத பள்ளிவாசலும்



மனித உடலின் பலவீனங்களை, முடிந்தால் மரணத்தையே, தொழில்நுட்பத்தால் கடந்துவிடலாம் என்னும் கொள்கைக்கு டிரான்ஸ்ஹியூமனிசம் என்று பெயர். இது மருத்துவத்தோடு நிற்காமல் கட்டடக்கலைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் அரகாவாவும் அவர் மனைவி மேடலின் கின்ஸும் சாகாதிருப்பதையே தம் கட்டடங்களின் இலக்காக அறிவித்தார்கள். 2005இல் டோக்கியோவை ஒட்டிய மிடாகாவில் அடுக்குமாடி வீடுகளையும், 2008இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டையும் கட்டி முடித்தார்கள். அவற்றின் தரைகள் வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாக அமைந்தவை. சுகம் காணாது எந்நேரமும் சமன்செய்துகொண்டே இருக்கும் உடல் தளராது என்பது அவர்கள் வாதம். அரகாவா 2010இலும் மேடலின் 2014இலும் மரணித்தார்கள்.

இந்த ஆசை புதிதன்று. என்றென்றும் வாழப்போகிறவர்களைப் போல மாளிகைகளை எழுப்பிய ஆது கூட்டத்தாரை ஹூத் (அலை) அவர்கள் கண்டித்ததை அஷ்ஷுஅரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. நமது தகடூர் மண்ணை ஆண்ட அதியமானோ, நெடுவாழ்வு தரும் எனக் கருதப்பட்ட நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்ததாலேயே இன்றும் போற்றப்படுகிறான்.

நாம் மருத்துவத்தை மறுப்பவர்கள் அல்லர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன அதே நபிமொழி, முதுமைக்கு மட்டும் மருந்தில்லை என்கிறது. இழந்ததை ஈடுசெய்வது சிகிச்சை. முதுமையையே குற்றமாகக் கருதுவது ஆணவம்.

கட்டடம் மனிதனுக்கு ஏற்றதாக அமைய வேண்டுமா, கட்டடத்துக்கு ஏற்றவாறு மனிதன் மாற வேண்டுமா என்பதே இங்குள்ள கேள்வி. இரண்டாவதே சரியென்றால், வலிமையை விலைக்கு வாங்க இயலாத ஏழை வாசலிலேயே நின்றுவிடுவான். மார்க்கத்தின் விடை தெளிவானது. பின்னால் நிற்கும் முதியவரையும் நோயாளியையும் எண்ணித் தொழுகையைச் சுருக்குமாறு இமாமுக்குக் கட்டளை உண்டு. ஜமாஅத்தின் வேகத்தை அதன் பலவீனர் நிர்ணயிக்கிறார். அவ்வாறெனில் பள்ளிவாசலின் படியை நிர்ணயிக்க வேண்டியவர் யார்?

தருமபுரி மாவட்டத்தில் இக்கேள்வி கூர்மையானது. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் குடித்தால் பற்கள் கறைபடுவதோடு, முற்றிய நிலையில் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகிவிடும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் பழைய நீர் இறுக்கிய எலும்பைப் புதிய நீர் இளக்காது. அத்தகைய முதியவர்கள் வரும் பள்ளிக்கு உயர்ந்த படிகளும், வழுக்கும் சலவைக்கல்லும், குனிந்தே உளூச் செய்ய வேண்டிய ஹவுளும் எதற்கு? சாகாத வீட்டைப் பார்த்துச் சிரிக்கும் நாம், தளராத உடலுக்கென்றே பள்ளிவாசல் கட்டுகிறோம்!

“உள்ளே நாற்காலி போட்டிருக்கிறோமே” என்பார்கள். நாற்காலி, உள்ளே வந்து சேர்ந்தவருக்கு மட்டுமே பயன்படும். “மினாராவுக்கே நிதி போதவில்லை” என்பார்கள். மினாரா இல்லாமல் தொழுகை நிறைவேறும். வாசலில் திரும்பிப் போனவருக்கு ஜமாஅத் நன்மை எப்படிக் கிடைக்கும்? மேலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மதக் காரியங்களுக்கான கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி, அமர்ந்து உளூச் செய்ய நாலைந்து திண்டுகள், சொரசொரப்பான தரை. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகள் ஒரு முதியவரின் கையைப் பிடித்து வாசலிலிருந்து ஹவுள் வரை நடந்து பார்க்கட்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே வேலையைத் தொடங்கட்டும்.

பலவீனமாகவே படைக்கப்பட்ட நம்மை, பலவீனர்களுக்கு இடமளிப்பவர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.